மூடுகிற பக்கம்

குடியிருப்போர் சங்கத்தின் வசந்த ஊர்வலத்தைக் குழாய்க்காரர் இருபத்திரண்டு வருடமாகக் காதால்தான் பார்த்திருந்தார். பேண்டு வாத்தியம் பூங்கா வாசலை நெருங்கும்போது அவர் கழிப்பறைக்குப் பின்னால் குனிந்திருப்பார். பிள்ளைகள் காகிதப் பூக்களோடு புல்வெளியைச் சுற்றி வரும்போது குடிநீர்க் குழாயடியில் மண்டியிட்டிருப்பார். ஊரே விரிப்பு விரித்துச் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து யாராவது ஓடி வந்து, "அண்ணே, அங்க ஒரு குழாய் நிக்கமாட்டேங்குது" என்பார்கள். கையில் எடுத்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"வருஷத்துல ஒரு நாள் ஒழுகினா ஊரு முழுகிடுமா?" என்று மனைவி கேட்பார்.

"முழுகாது. ஆனா ஒழுகும்ல?"

இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. தொழிலை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெட்டுப்போன குழாய்களைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்து, பிரித்து, மாட்டி, மறுபடி பிரித்துக் கற்றுக்கொண்டவர். ஒரு இணைப்பை முடுக்கியதும் துணியால் துடைப்பார். நூறு வரை எண்ணுவார். பிறகு உலர்ந்த விரலால் தடவிப் பார்ப்பார். விரலில் ஈரம் பட்டால் கழற்றி முதலிலிருந்து மாட்டுவார். வீட்டுக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவருக்கு அது உறைத்ததே இல்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் மனைவி சொன்னார்: "இந்த வருஷம் ஊர்வலம் ஆரம்பிச்சதுலேருந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க என் பக்கத்துல உக்காரணும். இல்லன்னா இனிமே நானும் போகமாட்டேன். புருஷன் இருக்கிறவ ஒத்தையா உக்காந்து முட்டை உரிச்சது போதும்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். மனைவி குழம்புக் கரண்டியைக் கழுவியபடியே சொன்னார். குழாய்க்காரர் பயந்துவிட்டார். "உக்கார்றேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஒரு மாதம் முன்பே பூங்காவில் இறங்கினார். பதினான்கு குழாய்களுக்கும் வாஷர் மாற்றினார். கழிப்பறைத் தொட்டிகளின் மிதவைகளைச் சரி செய்தார். கடைசியாக, புல்வெளிக்குத் தண்ணீர் தூவும் குழாய்களின் தலைமை வால்வுக்கு வந்தார்.

அந்த வால்வு ஒரு விசித்திரப் பிறவி. உலகத்தில் உள்ள வால்வெல்லாம் வலப்பக்கம் திருப்பினால் மூடும். இது இடப்பக்கம் திருப்பினால்தான் மூடும். எந்தக் காலத்தில் யார் வாங்கி வைத்தார்களோ, காவலாளியைத் தவிர, பூங்காவில் அதன் குணம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. அதன் கழுத்தில் கசிவு நிற்காததால் மனசில்லாமல் கழற்றிவிட்டு, எல்லாரையும் போல வலப்பக்கம் மூடுகிற புது வால்வைப் பொருத்தினார். நூறு எண்ணினார். விரல் உலர்ந்தே இருந்தது.

ஊர்வல நாளன்று துவைத்த சட்டையோடு மனைவி பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்தார். நல்ல வெயில். பூங்கா வாசலில் பேண்டு முழங்கியது. தபால்காரர்கள் வந்தார்கள், தையல் சங்கத்துப் பெண்கள் வந்தார்கள், மூன்று சக்கர சைக்கிளில் பல் டாக்டர் வந்தார். எல்லாருக்கும் மனைவி கை அசைத்தார். குழாய்க்காரர் எல்லாருடைய காலடியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன தேடறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

ஒன்று இருந்தது. பாதையோரம் இருந்த தூவிக் குழாயின் வாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் புல்லுக்குத் தண்ணீர் விட்ட காவலாளி வால்வை முழுசாக மூடவில்லை. யாரும் கூப்பிடவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை. அந்த ஒரு சொட்டை விட்டிருந்தால் வெயிலே அதைக் குடித்திருக்கும்.

"கால் மரத்துப் போச்சு. ஒரு நடை நடந்துட்டு வந்துர்றேன்" என்று எழுந்தார்.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

புதருக்குப் பின்னால் இருந்த குழியின் மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, வால்வை மூடினார். அதாவது, இருபத்திரண்டு வருடமாக மூடிய பக்கமே திருப்பினார். குழாயில் இரைச்சல் கேட்டது. சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தித் திருப்பினார். இரைச்சல் கூடக்கூட, அவரும் விடாமல் 'மூடிக்கொண்டே' இருந்தார். வால்வு முழுசாகத் திறந்து அதற்கு மேல் நகராமல் நின்றபோது, "இப்ப எங்க போவ?" என்று அதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

புல்வெளியின் முப்பத்திரண்டு குழாய்களும் ஒரே நேரத்தில் எழுந்து ஆடிக்கொண்டிருந்தன. நட்ட நடுவில், காகிதப் பூ ஜோடித்த வண்டியின் உச்சியில், வசந்தத்தின் அரசராக வேடம் கட்டிய சங்கத் தலைவர் கை அசைத்தபடி நனைந்துகொண்டிருந்தார். கிரீடத்தின் சிவப்புச் சாயம் மூக்கு வழியாக இறங்கியது. பேண்டுக்காரர்கள் ஊதினால் தண்ணீர் வந்தது.

பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். வெயிலில் வெந்துகொண்டிருந்த பெரியவர்களும் ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னால் போனார்கள். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

குழாய்க்காரர் நடந்ததைப் புரிந்துகொண்டு வலப்பக்கம் மூடிவிட்டு, சொட்டச் சொட்ட மரத்தடிக்கு வந்தார்.

"கால் மரத்தது சரியாயிடுச்சா?" என்றார் மனைவி.

அவர் பதில் சொல்வதற்குள் தலைவரின் ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. "எப்படி இருந்துச்சு நம்ம ஏற்பாடு? உங்களுக்குச் சொல்லாம ரகசியமா வச்சிருந்தோம்! இனிமே வருஷா வருஷம் இது உண்டு. வால்வுக்கு நம்ம குழாய்க்காரரையே நிரந்தரமாப் போட்டுடுறோம். எங்க அவரு? எழுந்திரிங்கய்யா!"

குழாய்க்காரர் எழுந்தார். இத்தனை வருடத்தில் அவரை யாரும் குழிக்கு வெளியே வைத்துப் பாராட்டியதில்லை. முகம் மலர்ந்து கை கூப்பப் போனவர், பக்கத்தில் மனைவியும் எழுந்ததைப் பார்த்தார்.

"ஏற்பாடும் இல்ல, ரகசியமும் இல்லீங்க" என்றார் மனைவி, பேண்டுக்காரர்களுக்கும் கேட்கிற குரலில். "இவரு மூடத்தான் போனாரு. எந்தப் பக்கம் திருப்புறதுன்னு மறந்துட்டாரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிவப்பு மூக்கோடு தலைவர் குழாய்க்காரரைப் பார்த்தார். "அப்படியாய்யா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைவருக்கு மரியாதை, அவருக்கும் தொழிலில் பெயர். ஆனால் மறு வருடத்திலிருந்து ஆயுள் முழுக்க அந்தக் குழிதான். மனைவி வீட்டில் இருப்பார். குழாய்க்காரர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மாள் விரிப்பின் ஓரத்தைக் காலால் சரி செய்துகொண்டிருந்தார்.

"ஆமாங்க, மறந்துட்டேன்" என்றார்.

"நல்ல ஆளுய்யா நீ! இனிமே பூங்கா வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்குறோம்" என்று தலைவர் ஒலிபெருக்கியை அணைத்தார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். மனைவி கூடையைத் திறந்து ஒரு முட்டையை உரித்து அவர் கையில் வைத்தார். அவர் அதைத் தின்னாமல் வெறித்துக்கொண்டிருந்தார்.

"மறக்கல" என்றார் கடைசியில்.

"என்னது?"

"நான் மறக்கல. கைதான் அதைப் பழைய வால்வுன்னு நினைச்சுக்கிச்சு. ரெண்டும் வேற வேற."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அதெப்படி ஒண்ணாகும்? மறதிங்கறது தலையில இருக்கறது. இது கைப்பழக்கம். இப்ப இந்த முட்டைதான் வால்வுன்னு வச்சுக்க..."

மனைவி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். வலம், இடம், பழையது, புதியது என்று அவர் முட்டையைத் திருப்பித் திருப்பி விளக்கினார். மனைவி வேண்டுமென்றே நடுநடுவே தப்பாகச் சொன்னார். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். விளக்கி முடிக்கையில் வெயில் தணிந்து, ஊர் விரிப்புகளை உதறத் தொடங்கியிருந்தது. அதுவரை யாரும் வந்து அவரைக் கூப்பிடவில்லை.