பிரிண்டர் துளையில் ஒரு குரல்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் என் மனைவிக்கு மதுரையில் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு இனிப் பயமில்லை என்றார் டாக்டர். அவளுக்கிருந்த பயம் வேறு. அவள் தேவகோட்டையில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. பொங்கல்வரை விடுப்பு. அதற்குள் பேச ஒரு வழி வேண்டும்.

காரைக்குடி வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருந்தேன். சுற்றுவட்டாரக் கோயிலும் குளமும் பள்ளியும் எந்த வருடம் உண்டாயின என்று தட்டச்சு செய்து, பிரிண்டரில் எடுத்து அடுக்குவது என் பொழுதுபோக்கு. அந்தக் கம்ப்யூட்டருக்குச் சத்தம் கிடையாது. சென்னையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு சவுண்ட் அடாப்டரை மலிவாக வரவழைத்தேன். பிரிண்டர் வயரைக் கழற்றிவிட்டு, அதே துளையில் இதைச் செருகி, மறுமுனையை டேப் ரெக்கார்டரோடு இணைக்கவேண்டும். அடித்த வரிகளை வாசித்துக்காட்டும் மென்பொருள் பிளாப்பியில் வந்தது. இருப்பது ஒரே துளை. பேச்சு வேண்டுமென்றால் அச்சு கிடையாது. அன்றிலிருந்து நான் எதையும் அச்செடுக்கவில்லை.

மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. மனைவி ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, எங்கே எழுத்தைக் கூட்டினால் ஒலி நேராகும் என்று மாதக்கணக்கில் பழகினாள். மார்கழியில்தான் 'எல்லாரும் உட்காருங்க' என்பது புரியும்படி வந்தது. பள்ளி திறந்ததும் எல்லாவற்றையும் வகுப்பிலேயே கொண்டுபோய் வைப்பதாக இருந்தோம். விடுப்பு முடிவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, புதுவயலிலிருந்து வந்த என் தங்கையைப் பாயில் உட்காரவைத்து மாணவியாக்கினோம். 'எல்லாரும் உட்காருங்க' என்று ஒலித்தது.

"யாரு மதினி இது? வெள்ளைக்காரத் தொரையக் கூட்டியாந்து வச்சிருக்கீக."

மனைவி தோள் குலுங்கச் சிரித்தாள்.

"சரி, பக்கத்துப் பிள்ளையக் கிள்ளிட்டேன். அதட்டுங்க பாப்போம்."

அவள் அடித்தாள். 'கிள்ளாதே' என்றது டேப் ரெக்கார்டர்.

"இப்ப நான் அழுகுறேன். கூப்பிடுங்க."

'இங்க வா தங்கம்' என்றது.

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டும் ஒண்ணு போலவே இருக்குண்ணே. கோவமா கொஞ்சலான்னு சின்னப் பிள்ளைக எப்படிக் கண்டுக்கிரும்?" என்றாள் என்னிடம். சொன்ன வேகத்தில் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவி அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, இரண்டு வரிகளையும் மறுபடி ஒலிக்கவிட்டுக் கேட்டாள். இன்னொரு முறையும் கேட்டாள்.

தங்கையைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது வாசலிலேயே பிரிண்டர் ஓடும் கரகரப்புக் கேட்டது. அடாப்டர் வயரோடு மேசைமேல் கிடந்தது. மனைவி தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். பள்ளித் தாளாளருக்கு எழுதிய ராஜினாமா.

எங்கள் வீட்டில் எதை அச்செடுத்தாலும் நான்தான் பிழை பார்ப்பேன். அதற்காகத்தான் கொடுத்தாள். ஒரு பிழை இருந்தால்கூடப் போதும், நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று அன்று தள்ளிப்போட்டுவிடலாம். மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை வாசித்தேன். ஒன்றும் இல்லை. தேதியைக்கூட, நான் எப்போதும் சொல்வதுபோல, கிழமையோடு போட்டிருந்தாள்.