கல்யாணம் ஆன நாளிலிருந்து

என் கணவருக்குக் குடல்வால் வெடித்து மயிலாப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எவ்வளவு நாளாக வயிற்று வலி என்று டியூட்டி டாக்டர் கேட்டார். இவர் சுருண்டு கிடந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அத்த ஏன் கேக்கறீங்க, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவருக்கு வயித்து வலிதான்" என்றேன். என் சமையலைக் குறை சொல்லும்போதெல்லாம் இவர் பிடிக்கிற சாக்கு அது. டாக்டர் சிரிக்கவில்லை, கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருடம். அந்தப் பதினெட்டு வருட நோயை மறைத்துப் பாலிசி எடுத்தாராம், அதனால் ஒன்றும் கிடையாதாம். இவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. 'மறைத்தார்' என்ற இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தி.நகர் ஆபீசுக்குப் போனேன். அதிகாரி டீயை ஆற்றிக்கொண்டே, இது பழைய நோய்தான் என்று கம்பெனி டாக்டரே ஒத்துக்கொண்டுவிட்டார் என்றார்.

"அவரு என் வீட்டுக்காரரைப் பாத்தாரா சார்?"

"பேப்பரைப் பாத்தாரும்மா."

பேப்பருக்கு நாடி பிடிக்கிற வைத்தியம்! அப்பீல் மேல் அப்பீல் எழுதினோம். முதல் கடிதத்தையே தேதி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு மேலதிகாரியின் கையெழுத்து வேறு. இவரும் விடவில்லை, வெளி டாக்டர் ஒருவர் பார்க்கட்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் அடையாறில் இருந்த ஒரு வயதான சர்ஜனிடம் ஃபைலை அனுப்பினார்கள். எங்களையும் அங்கே வரச்சொன்னார்கள். அதிகாரியும் வந்திருந்தார்.

சர்ஜன் ஃபைலை மூடிவிட்டு, அன்றைக்கு என்ன சொன்னேன் என்று என்னையே கேட்டார். கூசிக்கொண்டே சொன்னேன். அவர் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"வீங்கின குடல்வால் பதினெட்டு நாள் தாங்கறதே கஷ்டம். பதினெட்டு வருஷமா? இதுல கையெழுத்துப் போட்டவர் டாக்டர்தானா?"

அதிகாரி, பதில் உள்ளே இருப்பதுபோல் ஃபைலைப் புரட்டினார்.

செக் வந்தது. கூடவே கடிதம்: 'கருணை அடிப்படையில்' வழங்குகிறார்களாம். தப்பு செய்தது அவர்கள், கருணையும் அவர்களுடையதே! இவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்த இரண்டு சொற்களை அடித்து, ஓரத்தில் 'எங்கள் தவறைத் திருத்தி' என்று எழுதி என்னிடம் நீட்டினார். அப்போதுதான் இவர் முகம் பழையபடி ஆனது.

அந்தக் கடிதத்தை நானே தி.நகர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதற்கெல்லாம் வழியில்லை என்றார் அதிகாரி.

"பரவால்ல சார், ஃபைல்ல வைங்க. நீங்க பேப்பரைத்தானே பாக்கறீங்க" என்றேன்.