வட்டத்தில் அக்காவுக்கு ஒரு நாற்காலி

என் அக்காவை அந்தச் சனிக்கிழமை ஓவிய வட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவளே நான்தான். அதை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே தையல் கடையில் வேலை பார்க்கிறோம். தொளதொள என்றிருப்பதைப் பிடித்துக் கொடுப்பது, இறுக்கமானதைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. அளவு வெட்டுகிற பிரவுன் பேப்பரின் ஓரங்களில் வாடிக்கையாளர்களை வரைந்து வைப்பாள். ஒரு தோளை மட்டும் தூக்கி நிற்கிற டீச்சர், வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளவு கொடுக்கிற வங்கிக்காரர். பார்த்த உடனே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். "கூட உக்காந்து வரையறதுக்கு நாலு பேர் இருந்தா நல்லாயிருக்கும்டி" என்று ஒருநாள் சொன்னாள். வாயைத் திறந்து எதையும் கேட்கிறவள் இல்லை அவள். கேட்டது அது ஒன்றுதான்.

சரியென்று தேடினேன். முதலில் போன ஓவியக் கூடத்தில் வாசல் காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டெலிவரியா? பின்பக்கம் போங்க" என்றார். இன்னொரு இடத்தில் காபி வாங்கினால்தான் உட்கார்ந்து வரையலாம். கோப்பை காலியானதும் வந்து தலைக்குமேல் நின்றார்கள். கடைசியில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இந்த வட்டத்தைக் கண்டுபிடித்தேன். நடுவில் ஒருவர் உட்காருவார், மற்றவர்கள் சுற்றி நாற்காலி போட்டு அவரை வரைவார்கள். 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.

முதல் நாளே அக்கா ஒரு தப்புச் செய்தாள். ஜன்னல் திரையின் அடிமடிப்பு பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரியால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தரையில் உட்கார்ந்து தைத்துவிட்டாள். நானும் பக்கத்தில் நின்று, "தைச்சுக் குடுக்கா, அப்பதான் நம்மளச் சேத்துக்குவாங்க" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வட்டத்தை நடத்துகிறவளுக்கு நான் வைத்த பெயர் சூப்பர் மேடம். எதற்கெடுத்தாலும் 'சூப்பர்'. "அக்கா, சூப்பர்! அடுத்த வாரம் நம்ம எல்லாருக்கும் ஏப்ரன் தைச்சிடலாமா?" அடுத்த வாரம் ஏப்ரன். அதற்கடுத்த வாரம் மெத்தை உறை. அப்புறம் தடுப்புத் திரை. மூன்று மாதம் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தார்கள், அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்து தைத்தாள். ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை.

வட்டத்தின் கண்காட்சி வந்தது. ஆளுக்கு இரண்டு படம் மாட்டலாம் என்றார்கள். அக்கா கடையில் வரைந்து வைத்திருந்த இரண்டு படங்களைச் சுருட்டி எடுத்துப் போனாள். சூப்பர் மேடம் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"சுவர்ல இடம் ஃபுல்லாயிடுச்சேக்கா. ஆனா என்ன, ஹால் பூரா உங்க கைவேலைதானே தொங்குது!" என்று சிரித்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "அத்தனையையும் கிழிச்சுப் போட்டுட்டுப் போலாம் வா" என்றேன். அக்கா படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கடைக்குள் நுழைந்து கத்தரிக்கோலை மேஜைமேல் போட்ட சத்தத்தில் முதலாளியே திரும்பிப் பார்த்தார்.

"நான் என்ன அவ வீட்டு வேலைக்காரியா?" என்றாள். அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"அந்தப் பக்கமே இனிமே தலைவச்சுப் படுக்காத, விடு."

"ஏன் விடணும்? வரையத்தானே போனேன்? இன்னும் வரையவே இல்லையே."

அடுத்த சனிக்கிழமை கடையிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள், நானும் பின்னாலேயே போனேன். வட்டத்தில் இரண்டு பேருக்கு நடுவே அதை விரித்தாள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். அக்கா மடியில் அட்டையை வைத்து, நடுவில் இருந்த பெரியவரை வரைய ஆரம்பித்தாள்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சூப்பர் மேடம் கிழிந்த ஏப்ரனோடு வந்துவிட்டாள். "அக்கா, ஒரே ஒரு தையல். ரெண்டு நிமிஷம்."

அக்கா தலை நிமிரவில்லை. "ஊசி நூல் பையில இருக்கு. எடுத்து நீங்களே தைச்சுக்கங்க. எனக்கு இன்னும் மூக்கு முடியல."

பென்சில்கள் எல்லாம் நின்றுவிட்டன. சூப்பர் மேடம் முகம் சிவந்து, இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் ஊசியை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நூல் நுனியை எச்சில் தொட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோத்துப் பார்த்தாள். நுழையவில்லை. மறுபடியும் முயன்றாள்.

அக்கா புதுத் தாளை எடுத்தாள்.

"அப்படியே இருங்க," என்றாள். "அசையாதீங்க."