ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்ட கண்டக்டர்

புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றதும் நான் முதலில் கேட்டது, "அது எங்க டாக்டர் இருக்குது?" என்றுதான். ஐம்பத்து மூன்று வருடம் உள்ளே குடியிருந்ததன் விலாசம் தெரியாத வீட்டுக்காரன் நான். ஆண் ஹார்மோன்தான் கட்டிக்குத் தீனி, அதை நிறுத்த மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி என்றார். ஏற்கனவே சர்க்கரை வேறு.

முதல் ஊசிக்குப் பிறகு உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. கள்ளக்குறிச்சி – வெள்ளிமலை பஸ்ஸில் நான் கண்டக்டர். மார்கழிக் குளிரில் பயணிகள் தலையில் துண்டு கட்டி ஜன்னலைச் சாத்தியிருக்க, நான் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டு நிற்பேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கு தீட்டு நிக்கசொல்லோ இப்பிடித்தான் காந்துச்சி. அப்போ இன்னா சொன்னீங்க? நடிக்கிறேன்னீங்க. இப்போ நீங்க நடிங்க, பாக்கறேன்."

நானும் சிரித்தேன். அப்புறம் மறதி வந்தது. டிக்கெட் கொடுத்தவரிடமே திரும்பிப் போய், "எங்க எறங்கணும்?" என்பேன். இருபது வருடம் ஓடிய தடத்தில் ஒரு நிறுத்தத்தின் பேர் நாக்குக்கு வராது.

செல்போனில் தேடித் தொலைத்தேன். இன்சுலின் மூளைக்குள்ளும் போய் நினைவுக்கு உதவுகிறதாம். ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டித்தான் போகவேண்டுமாம். ஆண், பெண் ஹார்மோன்கள் கூடிக் குறைந்தால் உள்ளே போகும் அளவும் மாறலாமாம். படித்து முடிப்பதற்குள் என் மூளையை நானே பட்டினி போட்டுக் கொன்று, பதினாறாம் நாள் காரியமும் முடித்துவிட்டேன். அடுத்த ஊசிக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே மலைமேல் ஒரு நிறுத்தத்தில் ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அவளைப் பார்த்துக்கொண்டே, அவள் இறங்குகிறாள் என்பதே மறந்து, டபுள் விசில் கொடுத்தேன். பஸ் நகர்ந்தது. ஜல்லியில் குப்புற விழுந்தாள். பின்சக்கரத்துக்கும் அவள் தலைக்கும் இரண்டு சாண் இருக்கும். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"யோவ், குட்ச்சிருக்கியா?" என்று டிரைவர் கத்தினார். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. குடிகாரனுக்கு மறுநாள் தெளிந்துவிடும்.

அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

"இன்சுலின் விஷயத்த எலிங்கள வெச்சிப் பாத்துகினு இருக்காங்க. மனுஷனுக்கு எப்பிடின்னு இன்னும் தெளிவா தெரியல. உங்க மறதிக்கு ஊசி காரணமா இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், பயமும் இருக்கலாம். ஆனா ஊசிய நிறுத்தினா கட்டி வளரும்ங்க."

"அந்த எலிங்க பொழச்சிதுங்களா டாக்டர்?"

மனைவி குறுக்கே புகுந்தாள்:

"ஊசியப் போட்டுக்கோங்க. பஸ்ஸ விட்டுடுங்க. அடுத்த தபா ஒருத்தி உசுரே போவணுமா?"

போட்டுக்கொண்டேன். அங்கிருந்து நேராகப் பணிமனைக்குப் போய், அந்தப் பெண் விழுந்தது யாரால், ஏன் என்று மேலாளரிடம் நானே சொன்னேன். அவர் டூட்டி நோட்டில் என் பேரை அடித்தார்.

"விசாரணை வரும்யா. அதுவரைக்கும் பஸ்ல ஏறாத. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆபீஸ்ல வந்து உக்காரு."

காலைக்குள் மறந்துவிடுவேனே, அதை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.