கனமான பொட்டலம்

என் மனைவியின் தம்பி ஓசூரில் ஓர் இரும்பு ஃபவுண்டரியில் வேலை செய்தான். வார்த்து எடுத்த காஸ்டிங்கைக் கையில் தூக்கிப் பார்த்தே, உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா என்று அங்கிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். லேசாக இருந்தால் கழிவு. கனமாக இருந்தால் நல்ல சரக்கு. கஞ்சாப் பொட்டலத்தையும் இவன் அப்படித்தான் வாங்கியிருக்கிறான், உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்து.

இது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முதலில் தெரிந்தது வயிற்றுவலி. கெலமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், தட்டில் கறியை வைத்ததும் எழுந்துபோய்ச் சுவரோரம் சுருண்டுகொண்டான். கேஸ் என்றான். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். முகம் வெளுத்ததும் காமாலை என்று என் மனைவி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். வெளிக்கும் சரியாகப் போகவில்லை. பிறகு வலது மணிக்கட்டு விழுந்துவிட்டது. டீ கிளாஸை எடுக்க நீட்டினால், அறுத்த கோழியின் கழுத்து மாதிரிக் கை தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா அவன் கீழுதட்டை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறு ஓரமாகப் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கருநீலக் கோடு. பேட்டரி கம்பெனியில் வேலையா என்று கேட்டார். இல்லை என்றோம். ரத்தத்தைச் சோதித்ததில் ஈயம் என்று வந்தது.

நான் நேராக ஃபவுண்டரிக்குப் போய் சூப்பர்வைசரிடம் கத்தினேன். அவர் கேட்டுவிட்டு, இங்கே ஈயமே கிடையாது, கூட வேலை செய்கிறவன் ஒருவனுக்காவது இப்படி இருக்கிறதா, நீங்களே விசாரியுங்கள் என்றார். விசாரித்தேன். ஒருவனுக்கும் இல்லை.

ஈயம் எங்கிருந்து போகிறது என்று தெரியாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்றார் டாக்டரம்மா. நாம் வெளியேற்ற வெளியேற்ற அது ஏறிக்கொண்டே இருக்கும், கை இப்படியே நின்றுவிடும் என்றார். இவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சொன்னால் போலீஸ் வரும், வேலை போகும் என்று பயம். கை போவது அவனுக்குச் சின்ன விஷயம்.

சிப்காட் பக்கம் அவன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். இரண்டு கூட்டாளிகளோடு ஒற்றை அறை. வாளியில் ஊறி நாறிய பனியன், பீடித்துண்டு மிதக்கும் தண்ணீர் பாட்டில். அவன் தலையணைக்குக் கீழே பொட்டலம். செய்தித்தாளில் கொட்டித் தட்டினேன். இலைத்தூள் மேலே நின்றது, சாம்பல் நிறப் பொடி அடியில் இறங்கியது. விரலில் மினுமினுவென்று ஒட்டியது. சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். அருவருப்பு போகவில்லை. அரிசியில் கல் கலக்கிறவனையாவது திட்டிவிட்டுக் கல்லைப் பொறுக்கிப் போடலாம். இதை விற்றவன், மனுஷன் நெஞ்சுக்குள் இழுக்கிற புகையில், எடை கூடுவதற்காக எதையோ அரைத்துக் கொட்டியிருக்கிறான்.

அந்தத் தாளை மடித்து டாக்டரம்மா மேசையில் வைத்தேன். போலீசுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள், முதலில் கையைப் பாருங்கள் என்றேன். அவர் அதைச் சோதனைக்கு அனுப்பினார். ஈயம்தான்.

அப்புறம்தான் இவன் வாயைத் திறந்தான். "பிசின் நெறைய இருக்குது, அதான் கனம்னு சொன்னான் மாமா. நாங்களும் தூக்கிப் பாத்துதான் வாங்கினோம்."

"காஸ்டிங்காடா அது, தூக்கிப் பாக்கறதுக்கு?" என்றேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி அனுப்பினார்கள். கூடப் புகைத்தவர்களையும் கூட்டி வரச் சொன்னார் டாக்டரம்மா. போன் அடித்தால் இருவரும் எடுக்கவில்லை. ஒருநாள் அவர்களே ஆரஞ்சுப் பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் வயிற்றைப் பிடித்தபடியே வண்டியிலிருந்து இறங்கினான். ரத்தச் சோதனைக்கு வாருங்கள் என்றேன். அதெல்லாம் தேவையில்லையாம், அந்த ஆளிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம்.

நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே திரும்பியபோது அவர்களில் ஒருவன் தாழ்ந்த குரலில் என் மச்சினனிடம் சொன்னது காதில் விழுந்தது. "இது வேற ஆளுகிட்ட மச்சி. தூக்கிப் பாரு, பஞ்சாட்டம் இருக்குது. சுத்தம்."

ஈயம் இல்லாவிட்டால் பூச்சிமருந்து இருக்கும், வேறு எந்தச் சனியனாவது இருக்கும். அதை எந்தக் கையால் தூக்கிப் பார்ப்பான்?

திரும்பி வந்தேன். மச்சினன் பழக்கத்தில் வலது கையை நீட்டியிருந்தான். மணிக்கட்டு மடிந்தது, பொட்டலம் நழுவித் தரையில் விழுந்தது. அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். குனியவில்லை. நான் அதைக் காலால் சாக்கடைக்குள் தள்ளி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். கூட்டாளிகள் வண்டியை எடுக்கப் போனார்கள்.

"சாவியக் குடுங்கடா," என்றான் மச்சினன். "ரெண்டு பேரும் மாமாகூட கிருஷ்ணகிரிக்குப் போங்க. இல்லன்னா இதப் பாருங்க."

தொங்கிய கையை அவர்கள் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். வயிற்றைப் பிடித்திருந்தவன்தான் முதலில் சாவியை நீட்டினான்.