இல்லாத கம்பியும் இரட்டைச் சைக்கிளும்

அந்தக் கம்பியைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கடலூர் பழைய டவுனில் தங்கை வீட்டு வாசலில் எங்கள் அப்பா அம்மாவின் இரட்டைச் சைக்கிள் பச்சைப் பெயிண்டில் பளபளத்துக்கொண்டு நின்றது. ஒருவர் பின் ஒருவர் உட்கார இரண்டு சீட்டு, இரண்டு பேருக்கும் பெடல், இரண்டு ஹேண்டில்பார். இப்போது பின் ஹேண்டில்பாரிலிருந்து முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வரைக்கும் புத்தம்புதிதாக ஒரு கம்பி ஓடியது. பின் ஹேண்டில்பாரைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பியது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வண்டியில் அப்படி ஒரு சமாச்சாரம் இருந்ததே கிடையாது.

"எப்படி இருக்கு மச்சான்?" என்றார் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் வீட்டுக்காரர். பழைய வண்டி என்றால் உயிரை விடுகிற மனுஷன்.

"யாரக் கேட்டு இத வச்சீங்க?"

"ஆயுத பூசைக்குப் பெயிண்ட் அடிக்கலாம்னுதான் எடுத்தேன். நெட்டுல தேடிப் பாத்தா, வெள்ளக்காரன் காலத்துல அச்சு அசல் இதே வண்டி இருக்கு! முன்னால பார் இல்லாத லேடீஸ் சீட்டு, பின்னால ஜென்ட்ஸ் சீட்டு. தொரசாணி முன்னால ஜம்முனு உக்காந்து வருவாங்க. தொர பின்னாலேர்ந்து கம்பி வழியா ஓட்டுவாரு. நம்ம வண்டியில அந்தக் கம்பி எந்தக் காலத்துலயோ விழுந்துடுச்சு போல. சிப்காட்ல தெரிஞ்ச வெல்டர வச்சுத் திரும்பப் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழம மஞ்சக்குப்பம் மைதானத்துல பழைய வண்டிக் கண்காட்சி. பரிசு நமக்குத்தான்."

கம்பி விழுந்துவிட்டதாம்! பெண்பிள்ளை முன்னால் உட்கார்ந்து ஓட்ட, ஆம்பிளை பின்னால் உட்கார்ந்து போயிருப்பான் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. அதனால் இல்லாத கம்பி ஒன்று தொலைந்துபோனதாக முடிவு கட்டி, அதைச் செய்தும் மாட்டிவிட்டார். எங்கள் சொந்தக்காரர்களில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

நடந்தது இது. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. நான் பிறப்பதற்குள் சுத்தமாகப் போய்விட்டது. சிதம்பரத்தில் ஒரு ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. குரலும் விரலும் போதும் என்பதால் வேலை தப்பியது. வல்லம்படுகையிலிருந்து சிதம்பரத்துக்கு அவரைத் தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தவள் அம்மா. அவள் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவாள். அப்பா பின்னால் அசையாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மிதிப்பார்.

ஆனால் எங்கள் தெருமுனை வந்ததும் அம்மா இறங்கிவிடுவாள். அப்பா முன்பக்க ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். அவருக்குப் பழகிய தெரு, தடுமாற மாட்டார். அம்மா நாலடி பின்னால், சாப்பாட்டுக் கூடையோடு. சொந்தக்காரர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். எந்தத் தெருவானாலும் இப்படி இறங்கித் தள்ளிப்போவதுதான். "பார்வ கொஞ்சம் மங்கல், வேற ஒண்ணுமில்ல" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். தங்கை கல்யாணத்துக்கு முன்பே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்; அதன் பிறகும் அந்தப் பேச்சை அவள் மாற்றவில்லை. வண்டி ஏது என்று கேட்டால் "கெடச்சுது" என்பதோடு சரி.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். தங்கையோடு இருக்கும் அம்மா உள்ளேயிருந்து வந்து நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். வண்டியை வைத்தாவது பேசுவோம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். நான் பேங்கில் குப்பை கொட்டியவன், சைக்கிள் நிபுணன் இல்லை. ஆனால் கண் இருக்கிறதே.

"மாப்ள, ரெண்டு பிரேக்கும் எதுல இருக்கு? முன் ஹேண்டில்பார்ல. பின்னால பிரேக் மாட்டுன அடையாளமே இல்ல. ஓட்டுறவன் கையில பிரேக் இல்லாம எந்தத் தொர ஓட்டுவான்?"

"மாத்தியிருப்பாங்க மச்சான்."

"சரி. பின் ஹேண்டில்பார் திரும்புறதா இருந்தா உள்ள பால்ரஸ் குண்டுங்க உருளணும். உங்க வெல்டர் கழட்டிப் போட்ட பழைய துண்டு இதோ கெடக்கு. முன் சீட்டுக் கொழாயில கவ்விப் பிடிச்ச வெறும் கிளாம்ப்பு. பால்ரஸுக்கு எடம் எங்க?"

அவர் அந்தத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விடவில்லை. புதுப் பெயிண்டைச் சுரண்டினேன். அவர் பதறினார், பதறட்டும். நடுவில் இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் பித்தளைப் பற்று வழிந்து வழிந்து இறுகியிருந்தது. முன் பாதிக் குழாய் ஒரு தடிமன், பின் பாதி வேறு தடிமன். கம்பெனி வண்டியில் இப்படி அசிங்கமாக ஒட்டுவார்களா? லேடீஸ் சைக்கிள் ஒன்றின் முன் பாதியையும் ஜென்ட்ஸ் சைக்கிள் ஒன்றின் பின் பாதியையும் அறுத்து இங்கேதான் யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். இரண்டுமே நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருவெங்கும் ஓடிய உள்நாட்டு வண்டிகள். துரையுமில்லை, துரைசாணியுமில்லை. அப்பாவுக்குக் கண் போனதற்கும் நான் பிறந்ததற்கும் நடுவில் செய்த வண்டி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தது, அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கண் போனதை மட்டும் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சொல்லவில்லை.

"விடுண்ணா, ஆசயா செஞ்சிருக்காரு" என்றாள் தங்கை. அவளுக்கும் எல்லாம் தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன், மாப்பிள்ளை எதிரே முடியவில்லை.

அம்மாவைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "ஒனக்கு ரோஷமே இல்லியா? வெய்யில்லயும் மழையிலயும் நீ ஓட்டுனத தொர ஓட்டுனதா ஆக்கிட்டாரே!"

"ஒங்கப்பாவ ஊரு சிரிக்க வெக்காத. பொண்டாட்டி ஓட்டப் பின்னால உக்காந்து வந்தவன்னு பேசுவானுவ. வாய மூடிக்கிட்டு இரு."

அவள் மேலேயும் கோபம் வந்தது. இத்தனை காலம் அந்த மனுஷரின் மானத்தைத் தூக்கிச் சுமந்தாளே, இவளுக்கென்று ஒரு மானம் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரே கூட்டம். எங்கள் வண்டிக்கு முன்னால் மாப்பிள்ளை அட்டை வைத்திருந்தார். 'ஆங்கிலேயர் காலத்து அபூர்வ வண்டி. பின்னால் அமர்ந்து கணவர் ஓட்ட, முன்னால் அமர்ந்து மனைவி வேடிக்கை பார்த்தபடி உலா வருவார்.' அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க இதுல போயிருக்கீங்களா பாட்டி? குடுத்து வச்சவங்க! சும்மா உக்காந்து ஊரச் சுத்திப் பாத்திருக்கீங்க."

"சும்மாவா?" என்றாள் அம்மா. மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு குரல் ஏறியது. "யாருடியம்மா சும்மா உக்காந்தா? எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு கண்ணும் தெரியாது. ஓட்டுனது நான். இதோ நிக்கிறானே, இவன வயித்துல வச்சுக்கிட்டு ஓட்டுனேன். லாரி வந்தா எனக்குக் கொல நடுங்கும், அவருக்குத் தெரியாம நடுங்குவேன்."

சுற்றி நின்றவர்கள் எங்கள் பக்கம் நெருங்கி வந்தார்கள். மாப்பிள்ளை அட்டையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அத்தை, மாமாவுக்கா..." என்று இழுத்தார். அதற்குள் ஜட்ஜுகள் பக்கத்து வண்டி வரை வந்துவிட்டார்கள். அவர் குனிந்து கெஞ்சினார்: "அத்தை, அவுங்க வந்துட்டாங்க. எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல இத ஒரு நாளும் பேசுனதில்ல மாப்ள. இங்கயே பேசிடலாம். மொதல்ல அந்தக் கம்பியக் கழட்டுங்க."