கல்லில் ஒரு பூச்சி, தகட்டில் ஒரு தேள்

கண்ணுக்கு ஓர் அடி, காலுக்கு ஓர் அடி, தொட்டிலுக்கு ஓர் அடி. வெண்கல அச்சின்மேல் வெள்ளித் தகட்டை விரித்து, அதன்மேல் ஈயக்கட்டியை வைத்து, சுத்தியலால் ஒரே போடு, உரு விழுந்துவிடும். தேளுக்கு மட்டும் மூன்று. சிவசைலம் ஆசாரி இப்போது அடிப்பது தேளா இல்லையா என்பதைத் தச்சநல்லூர்ச் சாலையில் போகிறவர்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

திருச்செந்தூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் நேர்ந்துகொண்டவர்கள் இவரிடம்தான் வருவார்கள். கால்வலி போக வேண்டுமா, காலின் உரு. வீட்டை விட்டுத் தேள் போக வேண்டுமா, தேளின் உரு. சாமிக்குப் போட்டால் போய்விடும் என்பது நம்பிக்கை. ஆசாரிக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. அதன் ஒரு காது உடைந்து, நூல் கட்டியிருக்கும். கன்னத்தில் ஒரு துண்டுக் கருப்பட்டியை ஒதுக்கிக்கொண்டுதான் பேசுவார். அவசரப்படுத்தினால் தொலைந்தோம். “பைய வாங்க. சாமி எங்கன ஓடியா போவுது?” என்பார். எனக்கோ பொறுமை என்பது பேருக்கும் கிடையாது.

தேளுக்கு மட்டும் மூன்று அடி எதற்கு என்று ஒருநாள் வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன்.

“ஒண்ணு பாலம்மாளுக்கு. ஒண்ணு அவ ஆத்தாளுக்கு. ஒண்ணு எனக்கு.”

பாலம்மாள் அவருடைய ஒரே மகள். நாலு வயதில் விறகுக் கட்டுக்குள் கையை விட்டாள். தேள் கொட்டிப் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. “இந்தத் தாமிரவருணிக் கரையில ஒரு தேளு இருக்கப்படாது, வாத்தியாரய்யா. வம்சத்தோட போவணும். அதுக்குத்தான் இந்தக் கை இருக்கு” என்றார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது எனக்கு. பிறகொரு நாள் அவரே சுத்தியலைப் பார்த்துக்கொண்டு, “எத்தன ஆயிரம் அடிச்சாச்சு! ஒண்ணு கொறஞ்ச மாதிரித் தெரியலியே” என்றார்.

போன மாதம் எங்கள் வீட்டு அடுக்களையில் தேள் வந்தது. உரு வாங்கி வரச் சொல்லி வீட்டில் உத்தரவு. பள்ளிக்கூடம் விட்டு நேரே போனேன். வகுப்பில் காட்டுவதற்காகக் கல்லூரி அலமாரியிலிருந்து இரவல் வாங்கிய ஒரு கல் கையில் இருந்தது. சீமையிலிருந்து வந்த கல். அதில் காலிமெனே என்று ஒரு பூச்சி. கடலடியில் ஊர்ந்து திரிந்தது, மரவட்டைபோல் கட்டுக் கட்டான உடம்போடு அப்படியே கல்லாகிக் கிடந்தது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே பூண்டோடு அற்றுப்போன இனம்.

ஆசாரி கல்லை வாங்கி மூக்கருகே பிடித்தார். “இது தேளுக்குப் பங்காளியால்லா இருக்கு! இப்ப எங்கன கெடைக்கும்?”

“எங்கயும் கெடையாது ஆசாரியாரே. ஒலகத்துல ஒண்ணுகூட மிச்சமில்ல.”

“திருச்செந்தூர்க் கடல்ல?”

“அங்கயும் இல்ல.”

கன்னத்துக் கருப்பட்டி அசையாமல் நின்றது. “அப்ப ஒரு வம்சமே போகும்! போகும்லா! எவனோ ஒருத்தன், எந்த ஊர்ச் சாமிக்கோ, இதோட உருவ விடாமப் போட்டிருக்கான் வே!”

சந்தோஷத்தில் ‘வாத்தியாரய்யா’ போய், கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல் எனக்கு ‘வே’ வேறு. மனிதனே அப்போது பிறக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அப்படியொரு மலர்ச்சியை அவரிடம் நான் கண்டதே இல்லை.

கல்லை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். “கடலுக்கடியில வெளிச்சம் எப்பிடி இருந்திருக்கும்? பச்சையா இருக்குமோ? இது நடந்தா மணலு கலங்குமோ?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. நானும் வந்த வேலையை மறந்து உட்கார்ந்திருந்தேன். சாலையில் போன வண்டிச் சத்தம்கூடத் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது.

பிறகு செம்புத் தண்ணீரைத் தொட்டுக் கல்லைத் துடைத்தார். ஈரம் பட்டதும் கல் கறுத்து, உருவம் தெளிந்தது. பெரியதன் பக்கத்திலேயே இன்னொன்று தெரிந்தது, சுண்டுவிரல் நகமளவுக்கு. இத்தனை நாளாக வைத்திருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

“குட்டி” என்றார் ஆசாரி. “தேளும் குட்டிகள முதுகுல ஏத்திக்கிட்டுத்தான் திரியும். பாத்திருக்கியளா?”

“பாத்திருக்கேன்.”

“ஒண்ணுகூடவா இல்லைங்கிய? இந்தச் சிறுசுகூடவா?”

“இல்ல, ஆசாரியாரே.”

கல்லைத் துண்டில் ஒற்றி என்னிடம் கொடுத்தார். எனக்கான தகட்டைத் தேள் அச்சின்மேல் விரித்தார். ஈயக்கட்டியை வைத்தார். சுத்தியல் மெதுவாக ஒருமுறை இறங்கியது. பழக்கத்தில் நான் அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சரியாக விழாத கொடுக்கைக் கட்டைவிரலால் பையத் தேய்த்தே உருவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.